கை தூக்கினால் வண்டி நிற்கும்

படிவத்தில் ஏழாவது கேள்வி:
சம்பவத்தை உங்கள் சொற்களில் விவரிக்கவும்.
கீழே நான்கு கோடுகள்.

எனக்கு முன்னால் ஏட்டு கேட்டுவிட்டார்,
இன்சூரன்ஸ்காரர் இரண்டு முறை.
கேமராவோடு வந்த பையன்
வெளிச்சம் போதவில்லை என்று
முதலிலிருந்து சொல்லச் சொன்னானாம்.
காப்பிப்பழக் கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே
தீர்த்தாயி கேட்டாள்:
"அந்த வண்டியில இருந்து
இன்னும் எத்தன தடவ விழணும் நானு?"

பேனாவை மூடினேன்.
ஆறு வருட வேலையில் அன்றுதான்
மூடியின் சத்தம் எனக்குக் கேட்டது.

ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.
ஏற்காட்டுக்கு அப்பால்,
சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறும் ஒரு சரிவு
என்பதோடு விடுங்கள்.
மெயின் ரோட்டு வளைவுகளுக்கு எண் உண்டு, பலகை உண்டு.
எஸ்டேட் பாதையில் வெறும் பெயர்தான்:
பலாமரம், ஆட்டுப்பாறை, சுப்பன் வழுக்கிய இடம்.
நான்காவதற்கும் ஒரு பெயர் இருந்தது.
இப்போது "அங்க" என்கிறார்கள்.

கூலிக்குப் போன பிக்கப்பில் பதினொரு பேர்.
மூன்று பேர் திரும்பவில்லை.
அந்தக் கார்த்திகையிலிருந்து ஊரே நடக்கிறது,
ரேஷனுக்கு, மாத்திரைக்கு,
நிறைமாத வயிற்றோடு பொன்னுருவி ஸ்கேனுக்கு.

அடுத்த ஐந்து புதன்கிழமையும் படிவம் இல்லாமல் போனேன்.
அவர்கள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
மிளகு உதிர்த்தோம், விரல் கறுத்தது.
ஆறாவது புதன்
குப்பாயி மிளகிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:
"தார்ப்பாய் கட்டியிருந்துச்சு. வெளிய ஒண்ணுந் தெரியல.
அதான் எனக்கு."

அங்கிருந்துதான் தொடங்கியது.
யார் யோசனை என்றால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.
அதில் என் பெயர் இல்லை, சந்தோஷம்.
பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வண்டி,
தார்ப்பாய் இல்லாமல்.
சாவி தீர்த்தாயி முந்தானை முடிச்சில்.
ஏறி உட்கார்ந்தார்கள். இறங்கினார்கள்.
முதல் நாள் அவ்வளவுதான்.

மறுவாரம் என்ஜின் மட்டும் ஓடியது.
வெள்ளையன் வேலியோரம் போய் வாந்தி எடுத்தான்,
வாய் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி ஏறினான்.
யாரும் கை தட்டவில்லை.
நகர்ந்து இடம் விட்டார்கள்.

சட்டம் ஒன்றே ஒன்று:
யார் கை தூக்கினாலும் வண்டி நிற்கும்.
ஏன் என்று கேட்கக் கூடாது.

அன்று ஓட்டிய மாதையன்
மைதானத்தின் அந்தக் கோடியில் குந்தியிருப்பான்,
வாராவாரம் ஒரு முழம் கிட்டே.
அவனைப் பற்றி ஊர் இன்னும் முடிவுக்கு வரவில்லை.
நானும் வரவில்லை.

இதற்குள் பொன்னுருவிக்கு வலி கண்டது ஒரு ராத்திரி.
வண்டி நின்றிருந்தது, சாவியும் இருந்தது.
தூளி கட்டித்தான் இறக்கினார்கள்.
பெண் குழந்தை, பிழைத்துக்கொண்டது.
அந்த ராத்திரியை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனியில் பலாமரம் தாண்டினார்கள்.
ஆட்டுப்பாறை.
சுப்பன் வழுக்கிய இடத்தில் ஒரு கை எழுந்தது,
தீர்த்தாயியின் கை.
எல்லோரும் இறங்கி மேலே நடந்தார்கள்,
வெறும் வண்டி பின்னால் ஊர்ந்து வர.
சுப்பன் எப்படி வழுக்கினான் என்று யாரோ ஆரம்பிக்க
ஒருத்தி சிரித்துவிட்டு
வாயைப் பொத்தினாள்.
பிறகு பொத்திய கையை எடுத்தாள்.

சேலம் ஆபீஸில் கேட்டார்கள்:
"ஆறு மாசத்துல மூணு வளைவா?"
ஆமாம் சார், மூணு.
ஏழாம் கேள்விக்குக் கீழே
நான்கு கோடும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன.

அன்று மாலை ஐந்து ரோட்டில்
டவுன் பஸ் ஒரு பிரேக் அடித்தது.
என் கை தானாக மேலே போயிற்று.
"இங்க ஸ்டாப் இல்லம்மா" என்றார் கண்டக்டர்.
பிறகு என் முகத்தைப் பார்த்தார்.
ஒற்றை விசில் கொடுத்தார்.